இது யார் போட்டது? தேர்தல் ஆணைக்குழுவுக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்தல் ஆணைக்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த தலவாக்கலைப் பக்கத்தில் சின்னதாக ஒரு டைப்செட்டிங் கடை வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி எடுப்பது, லெமினேட் செய்வது, விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுப்பது, கோயில் திருவிழா நோட்டிஸ், மரண அறிவித்தல் அடிப்பது, இதுதான் என் தொழில். தேர்தல் வந்தால் தேர்தல் நோட்டிஸும் வரும். அம்மா இன்னும் தோட்டத்து லயத்தில்தான், தொழிலாளர்களின் வரிசை வீட்டில்தான் இருக்கிறார். முப்பத்தைந்து வருடம் கொழுந்து எடுத்தவர்.

ஒரு தேர்தலுக்கு முந்திய நாள் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். பிரசாரம் எல்லாம் முடிந்து, கூட்டம் போடக் கூடாது, மைக் கட்டக் கூடாது என்று நீங்கள் அறிவித்த அமைதிக் காலம் அது. விடியற்காலையில் கதவைத் திறந்தால் வாசற்படியில் ஒரு நோட்டிஸ். எங்கள் காம்பராவில், அதாவது லயத்தில் எங்கள் வீட்டில் மட்டுமா, அந்த லயத்தின் பன்னிரண்டு காம்பரா வாசலிலும் ஒவ்வொன்று. காற்றுக்குப் பறந்து போகாமல் இருக்க மேலே ஒரு சின்னக் கல்லும் வைத்திருந்தார்கள். மஞ்சள் தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு. பனியில் நனைந்து மை கொஞ்சம் பரவியிருந்தது. குறிப்பிட்ட ஒரு வேட்பாளர் வென்றால் இந்தக் காம்பராக்களை உடைத்துக் காணியை வெளியாருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று எழுதியிருந்தது. அம்மாவுக்கு இப்போது சின்ன எழுத்து தெரிவதில்லை. என்னிடம் நீட்டிப் படிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் படித்தேன். கேட்டு முடித்துவிட்டு அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இத யாரு போட்டது?"

தாளைத் திருப்பிப் பார்த்தேன். அச்சகத்தின் பெயர் இல்லை, வெளியிட்டவர் பெயர் இல்லை, ஒரு தொலைபேசி இலக்கம்கூட இல்லை. இருபது வருடமாக நோட்டிஸ் அடிக்கிற எனக்கு முதலில் கண் போவதே அடியில் இருக்கும் அந்தக் கடைசி வரிக்குத்தான். அந்த இடம் வெள்ளையாகக் கிடந்தது.

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன். எங்களிடம் வாக்குக் கேட்டு வருகிற ஒவ்வொரு தாளுக்கும், பெனருக்கும், வீடியோவுக்கும் பின்னால் யார் காசு இருக்கிறது என்பதை வாக்களிப்பதற்கு முன்பே நாங்கள் தெரிந்துகொள்ள வழி செய்யுங்கள். நான் கேட்கப் போவது இதைத்தான். மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

சட்டம் இல்லை என்று சொல்லவில்லை. தேர்தல் தொடர்பான விளம்பரம், துண்டுப்பிரசுரம், சுவரொட்டி எதுவானாலும் அச்சிட்டவரின் பெயரும் முகவரியும், வெளியிட்டவரின் பெயரும் முகவரியும் அதன் முகப்பிலேயே இருக்க வேண்டும் என்று எங்கள் தேர்தல் சட்டம் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறது. அச்சுத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது மனப்பாடம். எவ்வளவு அழகான விதி பாருங்கள். பெரிய இலாகா வேண்டாம், கணக்காய்வாளர் வேண்டாம். வாசிக்கிறவர் கையிலேயே விடை இருக்கிறது. இதை எழுதி வைத்தவர்கள் என் அம்மாவைப் போன்ற ஒருவரை மனதில் வைத்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த வரி எப்படிக் காணாமல் போகிறது என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு தேர்தல் நேரம், கடை மூடப் போகும் வேளையில் இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பென் டிரைவில் வேலை தயாராக இருந்தது. ஐயாயிரம் பிரதி வேண்டும், விடிவதற்குள் வேண்டும், காசு இப்போதே தருகிறோம் என்றார்கள். திரையில் திறந்து பார்த்தேன், இன்னொருவரைத் தாறுமாறாகத் திட்டும் நோட்டிஸ். "கடைசி வரியில யாரு பேரு போடணும் தம்பி?" என்று கேட்டேன். "அத விடுங்க அக்கா, யாரும் பாக்க மாட்டாங்க" என்றார் ஒருவர். முடியாது என்றேன். பேசாமல் பென் டிரைவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து அதே நோட்டிஸ் பஸ் நிலையத்தில் காலடியில் கிடந்தது. வேறெங்கேயோ அடித்திருக்கிறார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது, எவரையும் கைகாட்டவும் மாட்டேன். எனக்கு வருத்தம் என்னவென்றால், யாரிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த ஐயாயிரம் தாளும் வேலை செய்துவிட்டுக் குப்பைக்குப் போனது.

சரி, அது அச்சு. இப்போது 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டத்துக்கு வருகிறேன்.

அந்தச் சட்டம் வந்தபோது நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அதற்கு முன் பல தசாப்தங்களாக இந்த நாட்டில் ஒரு வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு நடைமுறையில் எல்லையே இருக்கவில்லை. இப்போது வாக்காளர் ஒருவருக்கு இவ்வளவு என்று நீங்கள் எல்லை வைக்கிறீர்கள். 2024 செப்டெம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் அது வாக்காளருக்கு 109 ரூபா. பதிவு செய்த வாக்காளர்கள் 1 கோடியே 71 இலட்சத்துக்கும் மேல். பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடியே 82 இலட்சத்து 98 ஆயிரத்து 586 ரூபா வருகிறது. 2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலில் சபைக்குச் சபை மாறி 74 ரூபாவிலிருந்து 160 ரூபா வரை வைத்தீர்கள்.

இந்தத் தொகையைக் கடைக் கல்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். அதே 2024 செப்டெம்பரில்தான் தோட்டத் தொழிலாளிக்கு நாள் சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அந்தக் கணக்கில் ஒரு ஜனாதிபதி வேட்பாளர் சட்டப்படி செலவழிக்கக்கூடிய பணம் கிட்டத்தட்ட 13 இலட்சத்து 84 ஆயிரம் நாள் சம்பளம். அது கூடுதலா குறைவா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. நாடு முழுக்கப் போய்ப் பேச வேண்டியவருக்குச் செலவு இருக்கத்தான் செய்யும். இவ்வளவு பெரிய பணம் ஒருவர் கைக்கு எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும், அது எங்கிருந்து என்பதுதான் என் கேள்வி.

சட்டம் அதையும் கேட்கிறது. வேட்பாளரும் கட்சியும் தாங்கள் வாங்கிய நன்கொடை, செய்த செலவு இரண்டுக்கும் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு அரசாங்கத்திடம் வாங்கக் கூடாது, யாரென்று தெரியாதவரிடம் வாங்கக் கூடாது என்றும் சொல்கிறது. எல்லாம் நல்லது. ஆனால் கணக்கு எப்போது வருகிறது? தேர்தல் முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள். அதாவது நாங்கள் புள்ளடி போட்டு, பெட்டி திறந்து எண்ணி, வென்றவர் மாலை போட்டு ஊர்வலம் போய், வெடி கொளுத்தி எல்லாம் முடிந்து மூன்று வாரம். கல்யாணம் முடிந்த பிறகு மாப்பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது இது.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நாடு முழுக்கப் போட்டியிட்டவர்கள் 8,821 பேர். இத்தனை பேரின் கணக்கும் ஒரே நேரத்தில் வந்து குவிகிறபோது அதைச் சரிபார்க்க உங்கள் அலுவலர்கள் படும் பாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் அழுத்திச் சொல்கிறேன். தேர்தல் நடக்கும்போதே வாரத்துக்கு ஒரு முறை கணக்கு வாங்கினால் சுமை பிரியும். வேட்புமனு நாளிலிருந்து வாக்களிப்பு வரை இருக்கிற ஐந்தாறு வாரத்தில் ஐந்தாறு சின்னக் கணக்கு. பெரிய நன்கொடை வந்தால் வந்த இரண்டு நாளுக்குள் அறிவிக்க வேண்டும் என்று ஒரு விதி. தோட்டத்தில் கொழுந்து நிறுப்பதற்கு மாதக் கடைசி வரைக்கும் யாரும் காத்திருப்பதில்லை. அன்றன்றைக்கு நிறுத்து, அவரவர் கண் முன்னாலேயே செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். அதிலேயே கிலோ குறைத்துப் போட்டார்கள் என்று சண்டை வருகிறது. மாதம் முடிந்துதான் நிறுவை என்றால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை ஏன் மலையகத்திலிருந்து ஒருத்தி இவ்வளவு பிடிவாதமாகக் கேட்கிறாள் என்று தோன்றலாம். இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த எங்கள் வாக்கின் கதை அப்படி. 1931 இல் சர்வஜன வாக்குரிமை இந்தத் தீவுக்கு வந்தது. 1947 பொதுத் தேர்தலில் எங்கள் ஆட்களின் கட்சியான இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருடமே 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து எங்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1949 இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தல் வந்தபோது எங்கள் ஆட்களில் பெரும்பாலானோருக்கு வாக்காளர் பட்டியலில் இடமில்லை. 1964 இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் ஆட்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்து, பாதிக் குடும்பம் இராமேஸ்வரம் போகும் கப்பலில் ஏறியது. இங்கே எஞ்சியவர்களில் கடைசி ஆட்களுக்குப் பிரஜாவுரிமைக்கு வழி பிறந்தது 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான்.

என் தாத்தா வாக்களிக்காமலே செத்துப்போனவர். அம்மாவுக்கு முதல் வாக்குக் கிடைத்தபோது அவர் வாலிபம் தாண்டியிருந்தார். ஒவ்வொரு தேர்தலிலும் முந்திய நாளே வெள்ளைச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டு, வாக்காளர் அட்டையை சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிடுவார். காலை ஏழு மணிக்குத் தோட்டத்துப் பாடசாலையில் வரிசையில் நிற்பார். அப்படி வந்த வாக்கின் மேல் பெயர் சொல்லப் பயப்படுகிற ஒருவரின் காசு வந்து உட்காரும்போது எனக்கு வயிறு எரிகிறது.

மலையகத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது. கொழும்பில் இருந்து பார்த்தால் இது தெரியாது. இங்கே தொழிற்சங்கமும் அரசியல் கட்சியும் பல இடங்களில் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அது தவறென்று சொல்ல வரவில்லை. சங்கம் இல்லாவிட்டால் நாங்கள் இன்றைக்கும் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் கைகட்டித்தான் நின்றிருப்போம். ஆனால் தொழிலாளியின் சம்பளத்தில் மாதா மாதம் சந்தா பிடிபடுகிறது. சந்தா வாங்குகிற சங்கம் தொழிற்சங்கப் பதிவாளருக்கு வருடாந்தக் கணக்குக் கொடுக்கிறது. கட்சி தேர்தல் ஆணைக்குழுவுக்குக் கணக்குக் கொடுக்கிறது. இந்த இரண்டு கணக்கையும் ஒரு மேசையில் விரித்து வைத்துப் பார்க்கிறவர் யார்? சங்கத்து வாகனம் தேர்தலுக்கு ஓடினால் டீசல் எந்தக் கணக்கு? சங்கக் காரியாலயத்தில் பெனர் கட்டினால், சங்கத்து முழுநேர ஊழியர் ஒரு மாதம் வீடு வீடாகப் போனால், அது யாருடைய நன்கொடை? எந்தச் சங்கத்தின் மேலும் குற்றம் சாட்டி இதைக் கேட்கவில்லை. அம்மா முப்பத்தைந்து வருடம் சந்தா கட்டியிருக்கிறார். அந்தப் பணத்தில் ஒரு ரூபா தேர்தல் சுவரொட்டியாக மாறியிருந்தால், அந்தச் சுவரொட்டிக்கு அவரும் ஒரு நன்கொடையாளர். அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். சங்கப் பணம், சங்க ஆட்பலம், சங்கச் சொத்து மூன்றையும் தேர்தல் கணக்கில் தனி நிரலாகக் காட்டச் சொல்லி நீங்கள் ஒரு படிவம் போட்டால் போதும். நல்ல சங்கங்கள் தயங்காமல் நிரப்பிக் கொடுக்கும்.

தேர்தலுக்குக் கொஞ்சம் முந்திய மாதங்களையும் கவனியுங்கள். வேட்புமனு கொடுக்கும் முன்பே கோயில் திருவிழாவுக்கு அன்பளிப்பு, இளைஞர் கழகத்துக்குக் கிரிக்கெட் மட்டை, லயத்துக்குக் கூரைத் தகரம், எல்லாவற்றிலும் ஒரே சிரித்த முகம் அச்சிட்ட ஸ்டிக்கர். அந்த ஸ்டிக்கரை அடித்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது அவர் வேட்பாளர் இல்லை. ஆறு வாரத்தில் வேட்பாளர் ஆனார். கட்சிக்குப் போடும் வாக்கோடு அதன் பட்டியலில் விரும்பியவரின் இலக்கத்துக்கும் புள்ளடி போடும் விருப்பு வாக்கு முறையில் ஒரே பட்டியலில் இருப்பவர்களே ஒருவரோடொருவர் போட்டி போடுகிறார்கள், முகமும் இலக்கமும் யாருடையது அதிகம் கண்ணில் படுகிறதோ அவருக்கு லாபம். நுவரெலியா மாவட்டத்தில் எட்டு ஆசனம், அதற்குள் நுழைய எத்தனை முகம்! அந்த ஸ்டிக்கர் காசு எந்தக் கணக்கில் ஏறும் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதி வையுங்கள்.

இனி கைப்பேசிக்கு வருவோம். மதிலில் சுவரொட்டி ஒட்டினால் பொலிஸார் வந்து கிழிக்கிறார்கள், அது நல்ல வேலை. ஆனால் மதிலில் ஒட்ட முடியாத காசு முழுக்க இப்போது பேஸ்புக்கிலும் யூடியூபிலும் வட்சப்பிலும் ஒட்டப்படுகிறது. லயத்தில் தண்ணீர் வராவிட்டாலும் டேட்டா வருகிறது. அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை உங்களுக்கு ஊடகங்களுக்கு வழிகாட்டல் விதிக்கும் அதிகாரத்தைத் தருகிறது. அதில் வானொலி, தொலைக்காட்சி, செய்தித்தாள் என்றுதான் எழுதியிருக்கிறது. கைப்பேசித் திரை அதை எழுதிய காலத்துக் கவலையாக இருக்கவில்லை. சமூக ஊடக நிறுவனங்களோடு பேசி முறைப்பாடுகளைக் கையாள நீங்கள் முயன்று வருகிறீர்கள். அந்த முயற்சிக்குச் சட்டத்தின் பலம் வேண்டும், பாராளுமன்றத்திடம் அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

பேஸ்புக் நிறுவனம் இலங்கை அரசியல் விளம்பரங்களுக்குப் பணம் செலுத்தியவர் யார் என்ற ஒரு வரியைப் போடச் சொல்கிறது. அந்த விளம்பரங்களை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய ஒரு நூலகமும் வைத்திருக்கிறது. என் கடையில் வேலை செய்யும் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு மாலை முழுக்க அதைத் துழாவினோம். விளம்பரம் இருக்கிறது, எவ்வளவுக்கும் எவ்வளவுக்கும் இடையில் செலவானது என்று இருக்கிறது. பணம் செலுத்தியவர் என்ற இடத்தில் சில வேளை ஆள் பெயர், சில வேளை அந்தப் பக்கத்தின் பெயரே. மக்கள், குரல், விடியல் என்று சேர்த்து வைத்த ஒரு பெயர். அந்தப் பெயரில் ஊரில் யாரும் இல்லை. காசை அட்டையில் தேய்த்தவர் ஒருவர், அவருக்குக் காசு கொடுத்தவர் இன்னொருவர். நூலகம் முதலாமவரோடு நின்றுவிடுகிறது. ஒரு நிறுவனம் தானாக விரும்பிச் செய்கிற ஏற்பாடு அது, நாளைக்கே நிறுத்தவும் அவர்களால் முடியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அரசியல் விளம்பரத்துக்குக் கடுமையான விதி வந்ததும், 2025 இல் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவும் கூகுளும் அங்கே அரசியல் விளம்பரமே வாங்குவதில்லை என்று நிறுத்திக்கொண்டன.

வேறு இடத்தில் இது எப்படி நடக்கிறது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1972 இல் மக்கள் தாங்களே வாக்களித்து ஒரு வெளிப்படுத்தல் சட்டத்தைக் கொண்டு வந்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விதி உண்டு. அரசியல் விளம்பரம் விற்கிற வியாபாரி, அச்சகமாக இருக்கலாம், வானொலியாக இருக்கலாம், பேஸ்புக்காக இருக்கலாம், அந்த விளம்பரத்தை யார் வாங்கினார், எவ்வளவு கொடுத்தார் என்ற பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போதே அலுவலக நேரத்தில் யார் வந்து கேட்டாலும் காட்ட வேண்டும். கேட்பவர் பத்திரிகைக்காரராக இருக்க வேண்டியதில்லை, சாதாரண ஆள் போதும். இந்த விதியை நூற்றுக்கணக்கான தடவை மீறியதற்காக 2022 இல் அந்த மாநில நீதிமன்றம் பேஸ்புக்கின் தாய் நிறுவனத்துக்கு 2 கோடியே 46 இலட்சம் டொலருக்கு மேல் தண்டம் விதித்தது. பக்கத்து மாநிலம் ஒன்று தள்ளி கலிபோர்னியாவில், 2018 இலிருந்து, வாக்கெடுப்பு விளம்பரங்களுக்குக் காசு கொடுத்த குழுவின் பெயரோடு நின்றுவிட முடியாது. அந்தக் குழுவுக்கு 50,000 டொலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களில் முதல் மூன்று பேரின் பெயர் விளம்பரத்திலேயே வர வேண்டும். மக்கள், குரல், விடியல் என்ற முகமூடிக்குப் பின்னால் இருப்பவரை அந்த மூன்று வரி வெளியே கொண்டு வந்துவிடுகிறது.

அமெரிக்கத் தேர்தலில் பணம் ஆடுகிற ஆட்டம் எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே கொண்டு வாருங்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பதிவேட்டு விதியை மட்டும் எடுத்துப் பாருங்கள். அது என் கடையிலேயே நடக்கும். நான் ஒரு சிஆர் கொப்பி (தடித்த கணக்குக் கொப்பி) வாங்கி, தேதி, யார் வந்தார், அடையாள அட்டை இலக்கம், எத்தனை பிரதி, எவ்வளவு பணம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறேன். சட்டம் கேட்காமலே வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் எழுத இரண்டு நிமிடம் ஆகிறது. என்னைப் போன்ற சின்னக் கடையால் முடிந்தால் பெரிய அச்சகத்தாலும், வானொலியாலும், கோடிக் கணக்கில் உழைக்கிற சமூக ஊடக நிறுவனத்தாலும் முடியும். மாவட்டத்தில் எந்த அச்சகம் தேர்தல் வேலை எடுக்கிறது என்று முன்பே பதிவு செய்யச் சொல்லுங்கள். பதிவு இலக்கம் நோட்டிஸின் அடியில் வரட்டும். இலக்கம் இல்லாத தாள் கிடைத்தால் யாரும் அதைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பலாம் என்று ஒரு வட்சப் இலக்கம், தமிழில் பதில் சொல்கிற ஒருவர் கையில். பொய் நோட்டிஸ் ராத்திரியில் வருகிறது என்றால் முறைப்பாட்டுக்குப் பதிலும் விடிவதற்குள் வர வேண்டும்.

இதற்கு எதிராக இரண்டு நியாயமான பேச்சு உண்டு. ஒன்று, சின்ன வேட்பாளர்கள். தோட்டத்தில் வேலை செய்துகொண்டே சுயேச்சைக் குழுவில் பிரதேச சபைக்குக் கேட்கிற ஒரு பெண்ணுக்குக் கணக்காளர் வைக்க வசதி இல்லை. கடுமையான படிவம் போட்டால் முதலில் அகப்படுவது அவர்தான், பெரிய ஆட்களுக்கு சட்டத்தரணி இருக்கிறார். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். அவருக்கு ஒரு பக்கப் படிவம் போதும், ஒரு தொகைக்குக் கீழே செலவழிக்கிறவருக்கு வாராந்தக் கணக்கும் வேண்டாம். இரண்டாவது, பெயர் வெளியே வந்தால் கொடுத்தவருக்கு ஆபத்து. எதிர்க்கட்சிக்கு ஐந்நூறு ரூபா கொடுத்த தொழிலாளியின் பெயர் ஒட்டப்பட்டால் தோட்டத்தில் அவருக்கு வேலை எப்படி நடக்கும்? இந்தப் பயம் உண்மையானது, மலையகத்தில் இன்னும் உண்மையானது. ஆகவே சின்னக் காசுக்குப் பெயர் வேண்டாம். ஆணைக்குழுவிடம் இருந்தால் போதும். ஆனால் இலட்சக் கணக்கில் கொடுக்கிறவர் ஆதரவாளர் என்ற நிலையைத் தாண்டி, நாளைக்கு அந்த வேட்பாளரின் கதவைத் தட்டக்கூடியவர் ஆகிவிடுகிறார். யார் தட்டப் போகிறார் என்று எங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அந்தக் கோட்டை எந்தத் தொகையில் போடுவது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அப்புறம், கணக்கைப் பார்ப்பது எங்கே, எந்த மொழியில் என்பது. தேர்தல் முடிந்த பிறகு இந்தக் கணக்குகள் மக்கள் பார்வைக்கு இருக்கின்றன என்கிறீர்கள். பொகவந்தலாவையில் மேல் டிவிஷனில் இருக்கிற ஒருவர் நுவரெலியாக் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்குப் போய் ஒரு கணக்கைப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றால், விடியலில் இறங்கி நடந்து, பஸ் மாறி மாறி ஏறி, இருட்டித்தான் வீடு திரும்புவார். அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை, வேலை செய்த நாளாகக் கணக்கில் ஏறாது. ஒரு நாள் சம்பளம் போனது, பஸ் காசு வேறு. போய்ச் சேர்ந்த பிறகு கணக்கு சிங்களத்தில் மட்டும் இருந்தால் திரும்பி வர வேண்டியதுதான். அரசியலமைப்பின்படி தமிழும் அரச கரும மொழி. படிவம் மூன்று மொழியிலும் இருந்து, தொகை, கொடுத்தவர் பெயர், விளம்பரம் எங்கே போட்டது என்ற மூன்று நிரல் தமிழிலும் வந்தால் போதும். அதை உங்கள் இணையத்தளத்தில் ஏற்றுங்கள். தோட்டத்துப் பாடசாலையில் வாக்களிப்பு நிலையத்துக்கு வெளியே, வேட்பாளர் பட்டியல் ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், அந்த மாவட்டத்தில் யார் எவ்வளவு வாங்கினார் என்ற ஒரு தாளும் ஒட்டுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளைகள் படித்துச் சொல்வார்கள். லயத்தில் ஒருவருக்குத் தெரிந்தால் பன்னிரண்டு காம்பராவுக்கும் தெரியும்.

மத்திய மாகாண சபைக்குக் கடைசியாக நாங்கள் வாக்களித்தது 2013 செப்டெம்பரில். ஊவாவில் 2014 இல். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இப்போது பாடசாலையில் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டார்கள். மாகாண சபைத் தேர்தல் வரும், வரும் என்று பேச்சு இருக்கிறது. என்றைக்கு வந்தாலும் அதற்கு முன்பு இந்த விதிகளைச் செய்யுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு விதி மாற்றினால் யாருக்கோ சாதகம் என்று சொல்வார்கள். இப்போது யார் வேட்பாளர் என்றே தெரியாது, ஆகவே யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. இதைவிட நல்ல நேரம் கிடைக்காது.

தபாலில் அனுப்பும் பிரதியோடு அந்த மஞ்சள் நோட்டிஸையும் இணைத்திருக்கிறேன். அம்மா அதைப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். பனி பட்ட அடையாளம் இன்னும் இருக்கிறது. அதில் சொன்னது எதுவும் நடக்கவில்லை, காம்பரா அப்படியே இருக்கிறது. அதை அடித்தவர் யார், காசு கொடுத்தவர் யார் என்று உங்களால் கண்டுபிடிக்க முடிந்தால் எனக்கு எழுதுங்கள். தமிழில் எழுதினால் அம்மாவுக்கு நானே படித்துக் காட்டுவேன். கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா என்று ஒவ்வொரு தடவை நான் வீட்டுக்குப் போகும்போதும் விசாரிக்கிறார்.

என் பெயரும், முகவரியும், கடைப் பதிவு இலக்கமும் அந்தப் பிரதியின் அடியில் இருக்கின்றன. இந்த மடலை டைப் செய்து அச்சிட்டதும் நானே, தாளுக்கும் முத்திரைக்கும் ஆன செலவும் என்னுடையதே.

இப்படிக்கு,
தலவாக்கலையிலிருந்து ஒரு வாக்காளர்